பத்து எண்ணும் வரைக்கும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நாங்கள் ஆறு பேர், நாலு சைக்கிள். கீபோட்டையும் மிருதங்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் பின்னால் இருந்து வந்தார்கள். ஸ்பீக்கர் மட்டும் ஓட்டோவில் தனியாக வந்தது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்.

நாங்கள் போனது கம்பஸிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத் தூரத்தில், யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கிற நிலையத்துக்கு. விசேட தேவையுடைய பிள்ளைகள் பகலில் வந்து போகிற இடம். பெயர் வேண்டாம். ஓட்டுக்கூரை, சிமெந்துத் தரை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். பதினொரு பிள்ளைகள், ஐந்து வயது தொடக்கம் பதின்மூன்று வரைக்கும். ஓட்டிசம் உள்ளவர்கள், டவுன் சின்ட்றோம் உள்ளவர்கள், மூளைவாதத்தால் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு தங்கச்சி, "என்னவெண்டு இன்னும் ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்ல" என்று தாய் சொல்கிற ஒரு பொடியன். சுவரோரம் வாங்கில் அம்மாமார்.

கொப்பியில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு போயிருந்தோம். முதல் பாட்டுத் தொடங்கி அரை நிமிடம் இருக்காது, எட்டு வயதளவில் ஒரு தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டான். வெட்கம் என்று நினைத்தோம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினோம். "எல்லாரும் கை தட்டுங்கோ!" என்றோம். அம்மாமார் தட்டினார்கள். பன்னிரண்டு பாட்டையும் நாற்பது நிமிடத்தில் பாடி முடித்து, வேப்பமரத்துக்குக் கீழே நின்று போட்டோவும் எடுத்தோம்.

பிளேன்ரீ தந்துவிட்டு அங்கத்தைய ரீச்சர் சொன்னா: "நல்லாப் பாடுறியள் பிள்ளையள். ஒண்டு கேக்கவே? இண்டைக்கு இதில ஆர் பாடினது?"

"நாங்கள்தான் ரீச்சர்."

"ஓம். அதைத்தான் நானும் பாத்தன்."

அவ கோபமாகச் சொல்லவில்லை. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. அதாலதான் திரும்பி வருகிற வழி முழுக்க அது குத்திக்கொண்டே இருந்தது.

*

எங்களை அங்கே கொண்டுபோனது ஒரு பனர் என்றுதான் சொல்ல வேண்டும். கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம். சமூகசேவை என்று எதையாவது செய்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்ற கதை அடிபட்டது. எங்களில் இரண்டு பேருக்குப் பாட்டு வரும். மருதனார்மடத்தில் மிருதங்கம் படிக்கிற சிநேகிதன் ஒருத்தன் வருவதாகச் சொன்னான். உடனே பனர் அடித்தாச்சு: "இசைச் சிகிச்சை முகாம்."

உளவியல் படிக்கிற எங்கட சிநேகிதி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இதில ஆரடா சிகிச்சையாளர்?"

"ஒரு பேச்சுக்குத்தானே."

"பல்லுக் கழட்டுறதுக்கும் இப்பிடி ஒரு பேச்சுக்குப் பனர் அடிப்பியளோ?"

பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த வாரம் நாங்கள் நூலகத்திலும் போனிலும் வாசித்துப் பார்த்தபோது பகிடி போய்விட்டது.

இசைச் சிகிச்சை என்பது நோயாளிக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவது இல்லை. பிரித்தானியாவில் அந்தப் பெயரைப் பாவிப்பதற்கே முதுநிலைப் பட்டம் படித்து, சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் ஒருவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் அது குற்றம். சிகிச்சையாளர் முதலில் பிள்ளையைப் பார்ப்பார்: எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது, எதற்குப் பயப்படுகிறது, கை எவ்வளவு நீளும், கண் எங்கே நிற்கும். பிறகு அந்தப் பிள்ளைக்கென்று ஒரு சின்ன இலக்கு வைப்பார். கிழமைக்குக் கிழமை குறித்துவைப்பார். வேலை செய்யாவிட்டால் வழியை மாற்றுவார். பாட்டு நன்றாக வந்ததா என்பது அவருக்குக் கணக்கே இல்லை.

நோர்டோஃப், ரொபின்ஸ் என்ற இரண்டு பேரைப் பற்றி அப்போதுதான் அறிந்தோம். போல் நோர்டோஃப் அமெரிக்க இசையமைப்பாளர். கிளைவ் ரொபின்ஸ் இங்கிலாந்தில் விசேட கல்வி ஆசிரியர். 1959 இல் இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பாடசாலையில் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஒருத்தர் பியானோவில் இருப்பார், மற்றவர் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பார். பியானோக்காரர் எழுதிக்கொண்டு வந்த பாட்டை வாசிப்பதில்லை. பிள்ளை அழுதால் அந்த அழுகையின் சுருதியில் வாசிப்பார். பிள்ளை மேளத்தில் கண்டபடி அடித்தால் அந்த அடியின் வேகத்தில் வாசிப்பார். பிள்ளை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். கொஞ்ச நேரம் போகப் பிள்ளைக்கு ஒன்று விளங்கும்: "நான் செய்யிறதாலதான் அது நடக்குது."

இதை வாசித்தபோது எங்களுக்கு எங்கட பன்னிரண்டு பாட்டும் மேசைக்குக் கீழே போன தம்பியும் ஞாபகம் வந்தது. அந்தக் காலைப் பொழுதில் அங்கே இசை வாசித்தது அவன் ஒருத்தன்தான். காதைப் பொத்தி, "இது வேண்டாம்" என்று வாசித்தான். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

பனரைச் சுருட்டி ஒருத்தன்ர வீட்டுப் பரணில் போட்டோம். பேரையும் மாற்றினோம், "சனிக்கிழமைக் கூடல்". ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தோம். ரீச்சரிடம் போய், "திரும்ப வரலாமோ?" என்று கேட்டோம். "வாங்கோ. ஆனா ஒரே நேரத்துக்கு வாங்கோ, ஒரே ஆக்கள் வாங்கோ" என்றா. அது ஏன் என்று விளங்க எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது.

*

கூடல் எப்படி நடக்கும் என்று சொல்லுகிறோம். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை.

தரையில் பாய் விரித்து வட்டமாக இருப்போம். சக்கர நாற்காலித் தங்கச்சிக்கு வட்டத்தில் எப்பவும் ஒரே இடம். முதலில் வணக்கப் பாட்டு. நாங்களே கட்டினது, நாலே வரி. நாலாவது வரியில் ஒரு பிள்ளையின்ர பேர் வரும். பதினொரு பிள்ளைக்கும் பதினொரு தடவை பாட வேண்டும். கேட்கிற ஆக்களுக்கு அலுக்கும். பிள்ளைகளுக்கு அலுக்காது. தன்ர பேர் எப்ப வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

பிறகு கூடை வரும். கூடைக்குள் சிரட்டைகள், பயறு போட்ட யோகட் கப், பால்மா ரின், சதங்கை, கூத்துக்காரர் ஒருத்தர் தந்த பழைய சல்லரி. பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கும். எடுக்காமலும் விடலாம். பிறகு "போவோம், நிப்போம்" விளையாட்டு. ஒருத்தர் கையை உயர்த்தினால் எல்லாரும் அடிப்பது, இறக்கினால் சத்தம் நிற்பது. கடைசியில் போய்வாறம் பாட்டு. ஒவ்வொரு சனியும் இதே ஒழுங்கு. அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் சில பிள்ளைகளுக்கு உலகத்திலேயே பெரிய பயம். ஒழுங்கு மாறாத நாற்பது நிமிடத்தில் அந்தப் பயம் கொஞ்சம் விலகி நிற்கும்.

நாங்கள் படிச்ச பாடங்களில் முக்கியமானது பத்து எண்ணுவது. பிள்ளையின்ர முறை வந்தால் மனதுக்குள் ஆறுதலாகப் பத்து எண்ண வேண்டும். அதுக்குள் தொடக்கூடாது, கையைப் பிடித்து அடிக்க வைக்கக்கூடாது, "அடியம்மா, அடி, அடி" என்று சொல்லவும் கூடாது. ரீச்சர்தான் இதைச் சொல்லித் தந்தா.

சக்கர நாற்காலித் தங்கச்சிக்குக் கை இறுக்கம். ஆனால் இடது கால் அசையும். அந்தக் காலில் சதங்கை கட்டினோம். அவளின் முறை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... வழமையாக நாங்கள் மூன்றில் "சரி, அடுத்த ஆள்" என்று போய்விடுவோம். அன்றைக்கு எண்ணிக்கொண்டே இருந்தோம். ஏழில் அவளின் முகம் சிவந்தது. எட்டில் சதங்கை கேட்டது.

மூளைவாதம் உள்ள பிள்ளைக்கு, கேட்டதைக் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அவ்வளவு நேரம் வேண்டும். அவள் முதல் கிழமையே பதில் சொல்லத் தொடங்கியிருப்பாள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் மூன்றில் எழும்பிப் போயிருக்கிறோம். அதை யோசிக்க வெட்கமாக இருந்தது. எங்கட வீடுகளிலும், வகுப்புகளிலும், கந்தோர் கவுண்டர்களிலும் எத்தனை பேரை இப்படி மூன்றில் விட்டிருப்போம்?

டவுன் சின்ட்றோம் உள்ள பதின்மூன்று வயது அண்ணன் ஒருத்தன் இருக்கிறான். அவனை நாங்கள் "தலைவர்" என்றுதான் கூப்பிடுவோம். "போவோம், நிப்போம்" விளையாட்டில் கை உயர்த்துகிற வேலை அவனுக்கு. முதல் நாள் கையை உயர்த்திவிட்டு இறக்கவே இல்லை. ஐந்து நிமிடம் எல்லாரும் அடித்தோம், கை நொந்தது. அவன் சிரித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முழுக்க "இரு", "எழும்பு", "தொடாதை" என்று கேட்டு வளர்ந்த ஒருத்தனுக்குப் பதினாறு பேரை நிற்பாட்டுகிற அதிகாரம் கிடைத்தால் அவன் அதை லேசில் விடுவானா? பேந்து பேந்து, தங்கச்சியின் சதங்கை கேட்கிற வரைக்கும் எல்லாரையும் நிற்பாட்டி வைக்கவும் அவனாகவே பழகினான். குழுவாகச் செய்வதன் அர்த்தம் அதுதான் போல. தனியாக இருந்தால் அவளுக்காகக் காத்திருந்தது நாங்கள் மட்டும்தான். வட்டத்துக்குள் ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை காத்திருந்தது.

*

இனி மேசைத்தம்பி. நாங்கள் எங்களுக்குள் வைத்த பேர் அது.

அவனுக்குப் பேச்சு இல்லை. ஒரு பாடசாலையிலும் எடுக்கவில்லை என்று தாய் சொன்னா. வலுக்குறைவைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமே சொல்லுது. அவ அலைந்த இடங்களில் அதை அவவுக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்கவில்லை.

முதல் நாலு கிழமையும் அவன் மேசைக்குக் கீழேதான். நாங்கள் கூப்பிடவில்லை. மிருதங்கக்காரச் சிநேகிதன் மட்டும் தன்ர இடத்தை மேசைக்குக் கிட்ட மாற்றிக்கொண்டான். ஐந்தாம் கிழமை கீழே இருந்து "டக், டக்" என்று விரலால் தரையைத் தட்டுகிற சத்தம் வந்தது. இவன் மிருதங்கத்தில் தொடாமல், தன்ர தொடையில் "டக், டக்" என்றான். கீழே சத்தம் நின்றது. இவனும் நின்றான். மற்றப்பக்கம் பத்து எண்ணினோம். திரும்பவும் "டக், டக், டக்". மூன்று. இவனும் மூன்று. அன்றைக்கு அது இருபது நிமிடம் நடந்தது. நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மிருதங்கம் படிக்கிறவர்களுக்கு முதல் பாடம் த, தி, தொம், நம் என்ற நாலு சொல். கை பழக முதல் வாய் பழக வேண்டும். அந்தச் சொற்களுக்கு அர்த்தம் கிடையாது, பிழையும் கிடையாது. சிநேகிதன் தட்டும்போது அதை மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். கொஞ்ச நாளில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டான். "த, தி, தொம்..." பிறகு மௌனம். தெரிந்த பாட்டில் கடைசிச் சொல்லை விட்டால் பிள்ளைகள் அதை நிரப்பப் பார்க்கும் என்று வாசித்திருந்தோம். வீட்டில் அம்மம்மாமார் பேரப்பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லும்போது செய்கிற வேலைதான்.

பதினோராம் கிழமை. அவன் அப்போது மேசைக்கு வெளியே, சிநேகிதனின் முழங்காலோடு முட்டிக்கொண்டு இருந்தான். "த, தி, தொம்..." ஒன்று, இரண்டு... ஒன்பதில் அவன் "நம்" என்றான்.

காற்றுப் போல வந்த சத்தம். நாங்கள் கேட்டோமா இல்லையா என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஆனால் வாங்கில் இருந்த தாய் எழும்பிவிட்டா.

அன்றைக்கு வேப்பமரத்துக்குக் கீழே அவ எங்களைப் பிடித்துக்கொண்டா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கதைத்தா. நல்லூரில் வைத்த நேர்த்தி, நாக்குக்குப் பூசச் சொல்லி ஒருத்தர் காசு வாங்கிக்கொண்டு தந்த எண்ணெய், "உன்ர பிள்ளைக்கு இனி ஒண்டும் ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொன்ன சனம். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டா:

"பிள்ளையள், இனி இவன் கதைப்பானோ?"

எங்களில் ஒருத்தர் சொன்னார், "கட்டாயம் கதைப்பான் அம்மா."

ஆர் சொன்னது என்று எழுதவில்லை. மற்ற ஐந்து பேரும் மறுக்கவில்லை. அதால நாங்கள் எல்லாரும்தான் சொன்னது.

*

உளவியல்காரச் சிநேகிதி பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சந்தியில் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, "எண்ணெய் வித்தவனும் இதைத்தானே சொன்னவன்" என்றாள்.

அவள் எங்களுக்கு ஏற்கெனவே வாசிக்கத் தந்திருந்தாள். ஓட்டிசம் உள்ள 4 முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகளை வைத்து 9 நாடுகளில் செய்த ஆய்வு ஒன்று 2017 இல் வெளியானது. ஐந்து மாதம் இசைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும் வழமையான பராமரிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் இடையில், ஓட்டிசத்தின் முக்கிய அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. பிறகு 2022 இல் 26 ஆய்வுகளை, 1165 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு கொஞ்சம் நல்ல செய்தி சொன்னது: மொத்தமாக ஒரு முன்னேற்றம் தெரிவதற்கும் வாழ்க்கைத் தரம் கூடுவதற்கும் இசைச் சிகிச்சை உதவக்கூடும். ஆனால் பேச்சைப் பொறுத்தவரை, சிகிச்சை முடிகிற நேரத்தில் தெளிவான வித்தியாசம் அதிலும் தெரியவில்லை.

அதுவும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் செய்தது. நாங்கள் ஆர்? யோகட் கப்பும் கொண்டு திரிகிற ஆறு பேர்.

அதை அந்த அம்மாவிடம் போய்த் திருத்திச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். அடுத்த கிழமை சொல்லலாம் என்று இருந்தோம். அடுத்த கிழமை அவ எங்களுக்கென்று மோதகம் அவித்துக் கொண்டுவந்தா. மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

இதற்கிடையில் டிசெம்பர் 3 வந்தது. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். நிலையத்தில் விழா, பிரதம விருந்தினர், மேடை. "உங்கட பிள்ளையளின்ர நிகழ்ச்சி ஒண்டு வைப்பம். அந்தத் தம்பி மைக்கில 'நம்' எண்டு சொன்னா எவ்வளவு வடிவா இருக்கும்" என்று நிர்வாகத்தில் இருந்த ஒருவர் கேட்டார். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, எங்கட முகத்தைப் பார்த்தா. நாங்கள் "ஓம்" என்றோம். எங்களை ஒருத்தரும் வற்புறுத்தவில்லை. எங்களுக்கும் ஆசை இருந்தது. ஒரு வருடமாகச் சனிக்கிழமை வந்ததுக்கு ஒரு கைதட்டு வேண்டும் போல இருந்தது.

மூன்று கிழமை ஒத்திகை. கூடை வரவில்லை. வணக்கப் பாட்டுக்கு நேரமில்லை. தலைவரின் கையை நாங்கள் பிடித்து இறக்கினோம். தங்கச்சியின் முறையை மூன்றில் வெட்டினோம், நிகழ்ச்சிக்கு ஏழு நிமிடம்தான். மேசைத்தம்பியிடம் "த, தி, தொம்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவன்ர வாயையே பார்த்தோம். இரண்டாம் கிழமை அவன் திரும்ப மேசைக்குக் கீழே போய்விட்டான். "மேடையில சரியாகும்" என்றோம்.

விழா அன்று எங்கட பழைய ஸ்பீக்கர்க்காரரே வந்திருந்தார். தம்பிக்குப் புதுச் சேட்டு, தாய்க்குப் புதுச் சேலை. அறிவிப்பாளர் அவன்ர முழுப்பேரையும் ஸ்பீக்கரில் சொன்னார். சிநேகிதன் "த, தி, தொம்" என்றான். மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்தார்கள். மூன்று வரைக்கும் எண்ணியிருப்போம். அறிவிப்பாளர், "பரவாயில்லை, பிள்ளைக்கு ஒரு கரகோஷம் குடுப்பம்" என்றார். இருநூறு பேர் தட்டினார்கள். அன்பாகத்தான் தட்டினார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக் கத்திக்கொண்டு மேடையால் குதித்து ஓடினான். முழங்கால் உரஞ்சிப்போச்சு. தாய் சனத்துக்கு நடுவில் தனியாக எழும்பி நின்றா. நாங்கள் மேடையில் நின்றோம். மிச்ச நிகழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

அதுக்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை அவர்கள் வரவில்லை.

*

ஜனவரியில் ரீச்சரிடம் கேட்டு, தாய் சம்மதித்த பிறகு, வீட்டுக்குப் போனோம். தகரக் கொட்டிலோடு சேர்ந்த ஒரு அறை வீடு. போய் இருந்த உடனேயே சொல்லிவிட்டோம், இல்லாவிட்டால் திரும்பவும் சொல்லமாட்டோம் என்று தெரியும். "அம்மா, அண்டைக்குக் கட்டாயம் கதைப்பான் எண்டு சொன்னது பிழை. அது எங்களுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்ல ஏலாது. மேடைக்கு ஏத்தினதும் பிழை."

அவ கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. பிறகு சொன்னா:

"நீங்கள் தெரியாமச் சொன்னது எண்டு எனக்கு அப்பவே தெரியும் பிள்ளையள். எட்டு வருசமா எல்லாரும் ஏலாது ஏலாது எண்டுதான் சொன்னவை. ஒருத்தராவது ஓம் எண்டு சொன்னது கேக்க நல்லா இருந்தது. அதுக்காக நான் கோவிக்கேல்ல. ஆனா அண்டைக்கு அவன் ஓடேக்க நீங்கள் மேடையில நிண்டியள். அவனோட ஓடி வந்திருக்க வேணும். அதுதான் எனக்குத் தாங்கேல்ல."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது குசினிப் பக்கம் "டக், டக்" என்று கேட்டது. அவன் சட்டி மூடியில் கரண்டியால் தட்டுகிறான். தாய் எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே கதிரைக் கையில் "டக், டக்" என்றா. அங்கே மூன்று. இவ மூன்று. "நான் சமைக்கேக்க ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். நான் மறந்துபோய் நிண்டா வந்து சேலையைப் பிடிச்சு இழுப்பான்" என்றா. "நீங்கள் காத்துக்கொண்டு நிக்கிறதைப் பாத்துத்தான் பழகினது. முந்தி நான் அவனுக்கு எல்லாத்தையும் டக்கெண்டு செய்து குடுத்துப்போடுவன்."

ஒரு மருத்துவரும் இதை முன்னேற்றம் என்று கொப்பியில் எழுதமாட்டார். மேடையில் ஏற்றினால் ஆரும் கைதட்டவும் மாட்டார்கள். ஆனால் எட்டு வருடமாக அழுகையாலும் இழுவையாலும் மட்டும் கதைத்த ஒரு வீட்டில் இப்போது ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பேர் முறை வைத்துக் கதைக்கிறார்கள். நாங்கள் அங்கே இல்லாத ஐந்து கிழமையிலும் அது நடந்திருக்கிறது. எங்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் நெஞ்சில் அடித்த மாதிரியும் இருந்தது.

*

பெப்ரவரியில் அவன் திரும்ப வந்தான். மேசைக்குக் கீழேதான். நாங்களும் முதலிலிருந்து தொடங்கினோம். இன்றைக்கு வரைக்கும் அவன் "நம்" என்று சொன்னது மொத்தம் நாலு தடவை. வேறு சொல் வரவில்லை. பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும் என்று ரீச்சரும் சிநேகிதியும் சேர்ந்து தாயோடு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்ப் பதிந்திருக்கிறார்கள். பேச்சுக்கு வழி தேட வேண்டிய இடம் அதுதான். எங்கட பாய் அதுக்கு மாற்று இல்லை.

இப்போது கூடலில் அம்மாமாரும் வாங்கில் இல்லை, வட்டத்துக்குள் இருக்கிறார்கள். வணக்கப் பாட்டை அவர்கள்தான் பாடுகிறார்கள். இது வேண்டுமென்று செய்தது. எங்களுக்கு இன்னும் ஒரு செமெஸ்ரர்தான் இருக்குது. அதுக்குப் பிறகு ஆளுக்கொரு திக்கு. வந்து, பிள்ளைகள் பழகின பிறகு, சான்றிதழோடு காணாமல் போகிற ஆக்களை அந்த நிலையம் நிறையக் கண்டிருக்குது. அடுத்த சனி அண்ணா ஏன் வரேல்ல என்று கேட்க வாயில்லாத பிள்ளைக்கு அது என்ன மாதிரி இருக்கும்?

அதால இதை வாசிக்கிற, கம்பஸில் இப்போது முதலாம், இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஆக்களிடம் கேட்கிறோம். உங்கட ஊரிலும் இப்படி ஒரு ஓட்டுக்கூரை இருக்கும். போங்கோ. ஒரு வருடம் நிற்க ஏலுமென்றால் மட்டும் போங்கோ. சிகிச்சை என்று பேர் வைக்க வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். தாய் கேட்டால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கோ, சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கோ. பிள்ளை ஓடினால் நீங்களும் ஓடுங்கோ.

பாட்டு வராது, சுருதி தெரியாது என்று யோசிக்க வேண்டாம். எங்களில் மூன்று பேருக்கு இன்னும் வராது. ஆறுதலாகப் பத்து எண்ணத் தெரிந்தால் காணும்.